ஒரு குற்றச்சாட்டுக்குப் பிறந்த வரைபடம்

உயிர்வேதியியல் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும், புரதங்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சதுரக் கட்டம் கண்ணில் படும். உள்ளே இரண்டு மூன்று திட்டுகளுக்கு மட்டும் வண்ணம் பூசியிருப்பார்கள். மீதியெல்லாம் வெறும் வெள்ளை. ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். நம் மாணவர்கள் பலருக்கு அது படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வி, அவ்வளவுதான். சென்னை கிண்டியில், ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் தேடப் போன இடத்தில் பிறந்தது அது என்பதைப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஜி.என். ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி, பிறகு கேம்பிரிட்ஜ். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையை அவர் பொறுப்பில் விட்டபோது வயது முப்பதை ஒட்டி இருந்தது. சென்னைக்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. கங்காருவின் வால் தசைநாணில் இருந்த கொலாஜன் நல்ல எக்ஸ் கதிர்ப் படம் தந்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த கட்டு. துப்புக் கொடுத்தது கிளைசின். கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். அதன் பக்கக்கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. மறு ஆண்டு, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தி எழுதினார்கள்.

அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டு சொன்ன அதே கிரிக். மூன்று சங்கிலி என்பது சரி, ஆனால் சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் ஏற்கவே முடியாத அளவு நெருங்கி நிற்கின்றன என்றார்கள். சங்கிலிகளுக்கு இடையே ஒவ்வொரு மூன்று அலகுக்கும் ராமச்சந்திரன் காட்டிய இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒன்றுக்குத்தான் வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். 1968இல் ராமச்சந்திரனே அந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறை இடையில் வைத்துப் பார்த்தார்.

நெருக்கம் பற்றிய புகார் வேறு விதமாக வேலை செய்தது. 'ஏற்க முடியாத நெருக்கம்' என்றால் எவ்வளவு? அதை முடிவு செய்தது யார்? கேட்டுப் பார்த்தால் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. அணுக்களின் வான்டெர்வால்ஸ் ஆரங்களைக் கூட்டி வந்த எண்களைத்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ராமச்சந்திரன் குழு, அதுவரை அமைப்பு கண்டறியப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் போன்ற படிகங்களை அலசியது. இயற்கை அந்த எண்களைவிட நெருக்கமாகவே அணுக்களை வைத்திருந்தது. ஒரு பட்டியல் தயாரானது. கார்பனும் கார்பனும் 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம், மிஞ்சிப்போனால் 3.0. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் 2.4, மிஞ்சிப்போனால் 2.2. (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.) இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள்.

பட்டியல் கையில் வந்ததும் கேள்வி கொலாஜனைத் தாண்டி வளர்ந்தது. எந்தப் புரதச் சங்கிலிதான் எப்படியெல்லாம் மடங்க முடியும்? இதற்கு லைனஸ் பாலிங் ஏற்கெனவே பாதி வழி போட்டிருந்தார்: பெப்டைடு பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி, ஆகவே திரும்பாது, அதைச் சுற்றியுள்ள அணுக்கள் ஒரே தளத்தில் கிடக்கும். எனவே சங்கிலி, விறைப்பான அட்டைகளை முனைக்கு முனை குண்டூசியால் கோத்தது போன்றது. குண்டூசி குத்திய இடம் ஆல்ஃபா கார்பன். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சுழற்சிக் கோணம்: ஃபை, சை. இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் சங்கிலியின் போக்கு முழுவதும் தெரிந்துவிடும்.

இரண்டு கோணங்களையும் பூஜ்யத்தில் வைத்துப் பாருங்கள். முந்தைய அட்டையின் ஆக்சிஜன், அடுத்த அட்டையின் ஹைட்ரஜன் மேலேயே வந்து ஏறுகிறது. 2.4 எங்கே, இது எங்கே! தள்ளுபடி. அடுத்த ஜோடிக் கோணம், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எல்லா அணு இடைவெளிகளையும் கணக்கிட்டார்கள். கணினி வசதி கையில் இல்லாத நாட்கள். மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்குப் பொறிகள்தான். வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் இதில் ராமச்சந்திரனுக்குத் தோள் கொடுத்தவர்கள். மூவர் பெயரிலும் கட்டுரை 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி'யில் வந்தது. ஐந்தே பக்கம். (மூலக் கட்டுரையைத் தேடிப் பார்ப்பவர்கள் திகைக்க வேண்டாம்: அதில் கோணங்கள் 0 முதல் 360 வரை ஓடும். இன்றைய -180 முதல் 180 வரையான வழக்கம் பிற்பாடு வந்தது.)

ஃபையை ஒரு அச்சிலும் சையை மறு அச்சிலும் வைத்தால் கிடைப்பதுதான் அந்தச் சதுரக் கட்டம். அலனின் போல ஒரு சிறு பக்கக்கிளை இருந்தாலே கட்டத்தில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தேறிய திட்டுகளுக்குள் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் இருந்தது, பீட்டா தகடு இருந்தது, சர்ச்சைக்குரிய கொலாஜனும் இருந்தது. பக்கக்கிளை என்று சொல்ல எதுவும் இல்லாத கிளைசினுக்குப் பாதிக் கட்டத்துக்கு மேல் திறந்திருந்தது. வளையத்தில் மாட்டிக்கொண்ட புரோலினுக்கோ ஃபை கோணத்தில் ஒரு குறுகிய சந்துதான்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனம். மின்னூட்டம், ஹைட்ரஜன் பிணைப்பு, நீரை வெறுக்கும் பக்கக்கிளைகள் எதையும் அது கணக்கில் சேர்க்கவில்லை. அணுவுக்கு ஒரு பருமன் உண்டு, இரண்டு அணு ஒரே இடத்தில் உட்கார முடியாது என்ற ஒற்றை நிபந்தனைதான். ஒரு நொதி தன் மூலப்பொருளைப் பிடிப்பதும், எதிர்ப்புரதம் கிருமியை அடையாளம் காண்பதும் ஈர்ப்புகளின் ஆட்டம் என்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஆடுகளத்தைக் கோடு போட்டுத் தருவது விலக்கல்.

1963இல் அணு அளவில் பார்க்க முடிந்த புரதம் என்று மையோகுளோபினைத்தான் சொல்ல முடியும். 1965இல் லைசோசைம் வந்தது. பிறகு வரிசையாக வந்தன. அவற்றின் ஒவ்வொரு அமினோ அமிலத்தின் இரு கோணங்களையும் கட்டத்தில் ஒரு புள்ளியாகக் குறித்தால், புள்ளிகள் பெரும்பாலும் கிண்டியில் கணக்கிட்ட திட்டுகளுக்குள்ளேயே விழுந்தன. இப்போது புதிய புரத அமைப்பு ஒன்றை உலகத் தரவு வங்கியில் சேர்ப்பவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெள்ளைப் பகுதியில் ஒரு புள்ளி விழுந்தால் முதலில் அது கிளைசினா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் மாதிரியைக் கட்டியவர் திரும்பவும் எக்ஸ் கதிர்த் தரவுக்குப் போவார்; பெரும்பாலும் தவறு அவருடையதாகவே இருக்கும். அபூர்வமாகச் சில வேளை தரவும் அந்தப் புள்ளியையே உறுதி செய்யும். அது பல சமயம் நொதி வேலை செய்யும் மையத்தில், சங்கிலி வலிந்து முறுக்கப்பட்ட ஓரிடமாக இருக்கும். அந்த வளைவை எது தாங்கிப் பிடிக்கிறது என்று ஆராய அங்கிருந்து இன்னொரு கட்டுரை தொடங்கும்.