வென்றவர் எழுப்பிய மதில்கள்
லாங்தொக் மலைக்கோட்டைகளும் திருச்சபை வரலாறும்

பிரான்சு நாட்டின் தெற்கில், மத்தியதரைக் கடலுக்கும் பிரனீஸ் மலைத்தொடருக்கும் அருகே அமைந்த நிலப்பகுதி லாங்தொக் ஆகும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செங்குத்தாய் எழும் சுண்ணாம்புப் பாறைகளும், அவற்றின் உச்சியில் சிதைந்து நிற்கும் கோட்டைகளும், குன்றுகளின்மேல் மதில் சூழ நெருங்கியிருக்கும் சிற்றூர்களும் அந்நாட்டுப்புறத்திற்கு ஒரு தனித்தோற்றத்தைத் தருகின்றன. பயண நூல்கள் இவற்றைக் 'காத்தாரர் கோட்டைகள்' என்று அழைக்கின்றன. அல்பிஜென்சியர் என்றும் காத்தாரர் என்றும் பெயரிடப்பட்டு, 13ஆம் நூற்றாண்டில் போப்பரசரின் அழைப்பால் எழுந்த சிலுவைப்போரில் அழிக்கப்பட்ட மக்களின் நினைவு இப்பெயரில் தங்கியுள்ளது. அங்குச் செல்லும் திருச்சபை வரலாற்று மாணவர் இரண்டு கேள்விகளை உடன்கொண்டு செல்லவேண்டும் என்பது நமது கருத்து. இம்மதில்கள் யாருடையவை? இவற்றினுள் வாழ்ந்து மாண்டவர் யார்?

1. மதிலுக்குள் ஓர் ஊர்

12ஆம் நூற்றாண்டின் லாங்தொக்கில் 'காஸ்த்ரும்' என்ற சொல் தனித்து நிற்கும் படைக்கோட்டையை மட்டும் குறிக்கவில்லை. நிலக்கிழாரும் வீரரும், உழவரும் நெசவாளரும் ஒரே மதிலுக்குள் கூடிவாழ்ந்த ஊரையே அது குறித்தது. பின்னர் துருபதேசக்காரர் எனத் தீர்க்கப்பட்டவர்கள் இத்தகைய ஊர்களில் வெளிப்படையாக வாழ்ந்தனர். அவர்கள் தங்களைக் காத்தாரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'நல்லோர்', 'நல்ல கிறிஸ்தவர்' என்பனவே அங்கு வழங்கிய பெயர்கள். துறவு பூண்ட ஆண்களும் பெண்களும் இறைச்சியை விலக்கி, கைத்தொழில் செய்து, ஊர் மக்களிடையே இல்லங்கள் அமைத்து வாழ்ந்தனர். குருமாரின் செல்வ வாழ்வைக் கண்டு மனங்கசந்த மக்களுக்கு இவ்வெளிமை பெரிதாய்த் தோன்றியதில் வியப்பில்லை.

மினெர்வ் என்னும் சிற்றூர் இதற்கு நல்ல சான்று. செஸ், பிரியான் என்ற இரு சிற்றாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளுக்கிடையே ஒரு பாறைமேல் அது இன்றும் நிற்கிறது. அதன் கோட்டையில் எஞ்சியிருப்பது மெல்லிய சுவர்த்துண்டு ஒன்றே.

2. சொல்லும் வாளும்

தொடக்கத்தில் திருச்சபை சொல்லின் வழியையும் நாடியது. 1206இல் ஓஸ்மாவின் பேராயர் தியேகோவும் அவருடன் வந்த தோமினிக்கும், போப்பின் தூதர்கள் ஆடம்பரத்தைக் களைந்து, கால்நடையாய், வறியவராய்ச் சென்று போதிக்கவேண்டும் என்று அறிவுரைத்தனர். 1207இல் மோன்ரெயால் என்ற குன்றூரில் இரு சாராரும் நடுவர்முன் பல நாள் விவாதித்தனர். பொறுமை வேண்டிய இம்முயற்சிக்குக் காலம் கொடுக்கப்படவில்லை. 1208 ஜனவரியில் போப்பின் தூதர் பியேர் தெ காஸ்தெல்னோ கொலையுண்டார். மூன்றாம் இன்னொசென்ட் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார்.

1209 ஜூலை 22 அன்று பெசியே நகர் வீழ்ந்தது. நல்லோரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி வெட்டுண்டனர். படையுடன் சென்ற தூதர் ஆர்நோ அமல்ரிக், ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதாகப் போப்புக்கு எழுதினார். இவ்வெண் மிகைப்பட்டது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. எனினும் அதனை மறைக்க வேண்டியதாக அவர் எண்ணவில்லை என்பதே நம்மைத் திகைக்கச் செய்கிறது.

அடுத்த ஆண்டு சீமோன் தெ மோன்போர் மினெர்வை முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகள் ஊரின் கிணற்றுக்குச் செல்லும் வழியைத் தகர்த்தன. கோடையில் நீரின்றி ஊர் பணிந்தது. மனமாறுவோர் பிழைக்கலாம் என்ற நிபந்தனையைக் கேட்ட படைத்தலைவர் ஒருவர், இவர்கள் அச்சத்தால் மனமாறித் தப்பிவிடுவரே என்று முறையிட்டார். அஞ்சவேண்டாம், மிகச் சிலரே மனமாறுவர் என்று ஆர்நோ விடையளித்ததாகச் சிலுவைப்போரை ஆதரித்த வரலாற்றாசிரியரே எழுதிவைத்துள்ளார். ஏறத்தாழ 140 பேர் நெருப்பிலிடப்பட்டனர்.

1229இல் போர் உடன்படிக்கையால் முடிந்தது. 1233 முதல் தோமினிக்கன் துறவியர் விசாரணைப் பணியை ஏற்றனர். துன்புற்றவரின் பக்கத்திலும் இரத்தப்பழி இல்லாமலில்லை. 1242இல் மோன்செகூர் மலைக்கோட்டையிலிருந்து சென்ற வீரர்கள் அவிஞோனே என்ற ஊரில் விசாரணையாளரைக் கொன்றனர். 1243 மே மாதம் அரசப்படை மோன்செகூரை வளைத்தது. பத்து மாதங்களுக்குப்பின் கோட்டை பணிந்தது. இரு வார அவகாசம் அளிக்கப்பட்டது. நம்பிக்கையை விட்டவர் பிழைப்பர், விடாதவர் எரிவர் என்பதே நிபந்தனை. அந்நாட்களில், அதுவரை துறவு ஏற்காத ஏறத்தாழ 20 பேர், தீ உறுதி என்று அறிந்தே முன்வந்து கைவைத்தல் சடங்கைப் பெற்றனர். 1244 மார்ச் 16 அன்று 200க்கும் மேற்பட்டோர் மலையடிவாரத்தில் எரிக்கப்பட்டனர்.

3. யாருடைய கற்கள்?

இனி முதற்கேள்விக்கு வருவோம். 1,207 மீட்டர் உயரமுள்ள மோன்செகூர் குன்றின்மேல் ஏறுபவர் காணும் மதில்கள், அங்கு எரியுண்டவர்கள் கட்டியவை அல்ல. முற்றுகைக்குப்பின் அந்நிலத்தைப் பெற்ற லெவி குடும்பத்தார் எழுப்பியவை அவை. பழைய ஊரோ மதிலுக்கு வெளியே, சரிவில் அகழ்வாய்வாளர் கண்ட வீட்டு அடித்தளங்களாய்க் கிடக்கிறது.

பேர்பெர்தூஸ், கெரிபூஸ், புய்லோரான், தெர்ம், அகிலார் ஆகிய ஐந்து கோட்டைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1258இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயும் கொர்பேய் உடன்படிக்கையால் எல்லை வகுத்தபின், இவை பிரெஞ்சு அரசின் எல்லைக்காவல் அரண்களாயின. நாம் வியந்து நோக்கும் பெருமதில்களிற் பல அரசப் பொறியாளரின் கைவேலை. 1659இல் எல்லை தெற்கே நகர்ந்ததும் இவற்றின் தேவை குன்றியது. கார்க்கசோன் நகரின் எழில் தோற்றத்தில் 1853இல் வியோலே லெ தூக் தொடங்கிய புதுப்பித்தலுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆகவே, ஒடுக்கப்பட்டவர் பெயரால் அழைக்கப்படும் கோட்டைகள் பெரும்பாலும் ஒடுக்கியவருடையவை. ஒடுக்கப்பட்டவரின் குரலையும் விசாரணையாளரின் பதிவேடுகள் வழியாகவே நாம் பெரும்பாலும் கேட்கிறோம்.

4. நாம் எழுப்பிய மதில்

இரண்டாம் கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. லூத்தருக்கு முன் உங்கள் சபை எங்கேயிருந்தது என்று ரோமன் கத்தோலிக்கர் வினவியபோது, சீர்திருத்த சபையார் இடைக்காலத்தில் துன்புற்றவரைச் சுட்டிக்காட்டினர். 1618இல் வெளிவந்த ழான் பால் பெரேனின் வரலாறு வால்தென்சியரையும் அல்பிஜென்சியரையும் ஒரே சாட்சிகளின் வரிசையில் நிறுத்தியது. 1870களில் நப்போலியோன் பெய்ரா என்ற சீர்திருத்த சபைப் போதகர் மோன்செகூரை உணர்ச்சி பொங்க எழுதிக் காவியமாக்கினார்.

ஆனால் ஸ்திராஸ்பூர்க் நகரின் புராட்டஸ்டண்டு இறையியலாளர் சார்ல் ஷ்மித், 1849லேயே மூலச் சான்றுகளை ஆராய்ந்து, இவர்கள் இருமைக் கோட்பாட்டினர் என்று விளக்கியிருந்தார். காணப்படும் உலகம் நல்ல தேவனின் படைப்பன்று. கிறிஸ்து மெய்யான மாம்சத்தில் வரவில்லை. தண்ணீர் ஞானஸ்நானம் பயனற்றது. சரீர உயிர்த்தெழுதல் இல்லை என்பன அவர்கள்மேல் சாற்றப்பட்ட போதனைகள். இவற்றைச் சாற்றியோர் பெரும்பாலும் எதிரிகள் என்பதால், அத்தகைய ஒழுங்கமைந்த சபை உண்மையில் எவ்வளவு இருந்தது என்று ஆர். ஐ. மூர், மார்க் பெக் போன்றோர் அண்மைக்காலத்தில் ஐயம் எழுப்பியுள்ளனர். ஆயினும் லியோன் நகரிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில், ஒக்சித்தான் மொழிப் புதிய ஏற்பாட்டின் இறுதியில் அவர்களது சடங்குமுறை எழுதப்பட்டுள்ளது. பரமண்டல ஜெபமும் சுவிசேஷப் புத்தகமும் கைவைத்தலும் அதில் நடுவிடம் பெறுகின்றன. அவர்கள் நம் முன்னோர் அல்லர். பகைவர் தீட்டிய சித்திரம் முழுவதும் அவர்களுடையதன்று. அவர்களை அவர்களாகவே விட்டுவைப்பது நேர்மை.

5. நமக்குரிய பாடம்

இதனால் அவர்களது சாவின் கொடுமை குறைந்துவிடுமோ? குறையாது. நம்முடையவர் என்பதற்காக மட்டும் துக்கிப்போமாயின், நம்முடையவர் அல்லாதவரின் சாவை நாம் பொறுத்துக்கொள்வோம் என்றாகும். அவ்வாறு பொறுத்ததும் உண்டு: 1553இல் ஜெனீவாவில் செர்வேத்துஸ் எரிக்கப்பட்டபோது விறகு அடுக்கியது சீர்திருத்தம் ஏற்ற நகரம். அப்பிழையை ஏற்று, கால்வின் வழியினர் 1903இல் அங்கே கல் நாட்டினர். போப் இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டில், சத்தியத்தின் பெயரால் செய்யப்பட்ட வன்முறைக்கு மன்னிப்பு வேண்டினார். 2016இல் பாமியே மறைமாவட்டக் கத்தோலிக்க ஆயர் மோன்செகூரிலேயே மன்னிப்பு வழிபாடு நடத்தினார்.

அக்காலத்தவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று சொல்வதும் பொருந்தாது. லியேஜ் நகரப் பேராயர் வாசோ, பெசியே வீழ்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கோதுமையும் களையும் பற்றிய உவமையைக் காட்டி, துருபதேசக்காரரைக் கொல்லலாகாது என்று உடன் பேராயருக்கு எழுதினார். அறுவடை ஆண்டவருடையது என்பது அவர் வாதம். உவமை எல்லார் கையிலும் இருந்தது. அதனை அப்படியே வாசித்தவர் சிலரே.

தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டி, நாங்கள் அந்நாட்களில் இருந்திருந்தால் உடன்பட்டிருக்கமாட்டோம் என்று சொன்னவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மோன்செகூர் அடிவாரத்து நினைவுக்கல்லின்முன் நிற்கும் போதகரும், வகுப்பறையில் அல்பிஜென்சியரைப் பற்றிக் கற்கும் மாணவரும் அவ்வதிகாரத்தை மீண்டும் வாசிப்பது நலம். எரியுண்டவரின் பக்கத்தில் நம்மை எளிதாய் நிறுத்திக்கொள்ளுமுன், நமது சபையில் நம்மோடு மாறுபடுவோரை இன்று எவ்வாறு நடத்துகிறோம் என்று கேட்டறிவோமாக.