ஹம்ஸ்டரின் கன்னமும் எங்கட வாயும்

வாய்ப்புற்றுநோய் எண்டு பேச்செடுத்தால் எங்கட ஆக்கள் வெத்திலைத் தட்டத்திலதான் தொடங்குவினம். பிழையில்லை. இலங்கையில ஆண்களுக்கு வாற புற்றுநோய்களில முதலிடம் அதுக்குத்தான். ஆனா ஒரு கேள்வியை நாங்கள் கேட்கிறதே இல்லை. கன்னத்துக்குள்ள ஒரு சின்னப் புண்ணாக இருந்தது எப்படி இவ்வளவு பெரிசா வளருது? அதுக்கு ஆர் சாப்பாடு போடுறது?

உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்துக்கும் ஒட்சிசன் வேணும். அது குருதிக்கலன் வழியாத்தான் வரும். புற்றுக்கலங்களும் அப்படித்தான். கட்டியைச் சுற்றிக் குருதிக்கலன்கள் செறிந்திருக்கிறதைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் நீண்டகாலமாகவே பார்த்திருக்கினம். 1939இல் முயலின் காதில் கண்ணாடி அறையொன்றைப் பொருத்தி, கட்டிக்குள் கலன்கள் முளைத்து வாறதை நேரடியாகப் பார்த்தார்கள். 1948இல் ஐசாக் மைக்கேல்சன் கண்ணின் விழித்திரையை ஆராய்ந்து, கலன்களை வளரச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். அது என்னவென்று தெரியாததால் அதை 'எக்ஸ் காரணி' என்று குறிப்பிட்டார்கள்.

இந்த வரலாற்றில எங்களுக்குப் பிடிச்ச பாத்திரம் ஒரு சின்னப் பிராணி: சிரிய ஹம்ஸ்டர். தானியத்தைச் சேர்த்து வைக்க அதுக்குக் கன்னத்தில இரண்டு பை இருக்குது. மெல்லிய தோல், வெளியில இழுத்து விரிச்சுப் பார்க்கலாம். 1954இல் சாலி என்ற ஆய்வாளர் புற்றை உண்டாக்கும் இரசாயனமொன்றை அந்தப் பையில் திரும்பத் திரும்பப் பூசி, மனிதரின் வாய்ப்புற்றுக்கு நெருக்கமான புற்றை அதில் வரவைத்தார். வாய்ப்புற்று ஆய்வுகளுக்கு அந்தக் கன்னம்தான் பிறகு ஆய்வுகூடம் ஆனது.

1968இல் அதே கன்னப்பையில் இன்னொரு பரிசோதனை. கிரீன்பிளாட், ஷூபிக் இருவரும் கட்டிக்கும் ஹம்ஸ்டரின் இழையத்துக்கும் நடுவில் ஒரு நுண்வடியை வைத்தார்கள். கலங்கள் அதைத் தாண்ட முடியாது, கரைந்த பொருள்கள் தாண்டலாம். கட்டி தொடவே இல்லை, ஆனாலும் மற்றப் பக்கத்தில புதுக் கலன்கள் வளர்ந்தன. அப்ப கட்டி ஏதோ ஒரு செய்தியை அனுப்புது. எவ்வளவு எளிமையான பரிசோதனை, எவ்வளவு தெளிவான விடை! ஆனா இந்த இருவரையும் இப்ப கனபேருக்குத் தெரியாது. பேர் முழுக்க ஜூடா ஃபோக்மனுக்குத்தான்.

அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. 1960களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் செயற்கைக் குருதி பற்றி வேலை செய்தவர். உடம்புக்கு வெளியில உயிரோட வைச்சிருந்த தைரொயிட் சுரப்பிக்குள் புற்றுக்கலங்களைச் செலுத்தினார். அவை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அதே கலங்களை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்தால் மளமளவென்று வளர்ந்தன. வித்தியாசம் புதுக் குருதிக்கலன்தான். 1971இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் இதுதான்: கலன் முளைக்காவிட்டால் கட்டி குண்டூசித் தலையளவிலேயே நிற்கும், ஆகவே புற்றைக் கொல்லாமல் அதுக்குப் போற வழியை மறித்தாலே போதும். கனபேர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றியிருக்கும் கலன் வெறும் அழற்சி என்றார்கள்.

செய்தியைக் கொண்டுபோகும் பொருளைப் பிடிக்க இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருசம் போனது. 1983இல் ஹரோல்ட் ட்வோராக்கின் குழு, குருதிக்கலன்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. அடுத்த வருசம் ஃபோக்மனின் ஆய்வுகூடத்தில் வேறொரு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார்கள். 1989இல் நப்போலியோனே ஃபெராரா ஜெனென்டெக் நிறுவனத்தில் குருதிக்கலன் அகவணிக் கலங்களை வளரவைக்கும் புரதமொன்றைக் கண்டார். அதுதான் இண்டைக்கு எல்லாரும் சொல்லுற விஈஜிஎஃப். பரம்பரை அலகை வாசித்துப் பார்த்தால் அதுவும் ட்வோராக் கண்டதும் ஒரே ஆள்! ஒருத்தர் கசிவைப் பார்த்தார், மற்றவர் வளர்ச்சியைப் பார்த்தார்.

பிறகு வாய்ப்புற்று இழையங்களிலும் தேடினார்கள். சாதாரண வாய்த்தோலைவிட, புற்றுக்கு முந்திய வெள்ளை, சிவப்புத் தழும்புகளில் நுண்கலன்கள் கூடுகின்றன, புற்றில் இன்னும் கூடுகின்றன என்று பல ஆய்வுகள் கண்டன. 1996இல் கண்டறியப்பட்ட விஈஜிஎஃப்-சி நிணநீர்க் கலன்களை வளரவைக்கும் உறவுக்காரன். வாய்ப்புற்று கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுறதில அதுக்குப் பங்கு இருக்குது. ஆனாலும் நுண்கலன்களை எண்ணினால் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லலாம் எண்டு எழுந்த நம்பிக்கை அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஒரு ஆய்வு ஓம் என்றால் இன்னொன்று இல்லை என்றது.

இந்த இடத்திலதான் கதை எங்கட ஊருக்கு வருது. பாக்கு மெல்லுற ஆக்களுக்கு வாய் இறுகிப் போறதைக் கண்டிருப்பீங்கள். வாய் வடிவாத் திறக்காது, உறைப்புத் தாங்கேலாது, உட்தோல் வெளிறிக் கிடக்கும். 1952இல் இதை முதலில் விவரித்த ஷ்வார்ட்ஸ், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரில் கண்டிருந்தார். பாக்கிலுள்ள அரிகோலின் நார்ப்புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் சேர வைக்குது, குருதிக்கலன்கள் நெரிபடுகின்றன. அப்ப ஒரு புதிர். கலன் குறைந்த வாயில் எப்படிப் புற்று வருது? பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் டபிள்யூ. எம். திலகரத்னவும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. இறுகிய வாய் இழையத்தில் எச்ஐஎஃப்-1ஆல்பா என்ற புரதம் கூடியிருந்தது. ஒட்சிசன் குறையும்போது கலங்கள் எழுப்புற அபாய மணி அது. அந்த மணி அடிச்சால் விஈஜிஎஃப் உற்பத்தி கூடும். மூச்சுத் திணறுற இழையம்தான் கூடக் குருதி கேட்குது. எங்கட நாட்டு நோயைப் பற்றிய இந்த ஆய்வு பாடப்புத்தகத்தில வரவேண்டியது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

"நான் புகையிலை போடுறேல்ல, பாக்கு மட்டும்தான்" எண்டு சொல்லுற பெடியள் இருக்கினம். பாபுல் பக்கெற்றுக்கும் அதுதான் நியாயம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் பாக்கையே, புகையிலை இல்லாமலே, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதுக்காகப் புகையிலையை விட்டுவிடவும் ஏலாது. யாழ்ப்பாணப் புகையிலை நூற்றாண்டுக் கணக்கில் படகேறித் திருவிதாங்கூருக்குப் போன சரக்கு. அதே திருவிதாங்கூரின் வெத்திலை மெல்லுவோரிடம் வாய்ப்புற்று இருந்ததைப் பற்றி, நெய்யூர் மிஷன் வைத்தியசாலை வைத்தியர் ஓர் 1933இல் லான்செட்டில் எழுதினார். எங்கட விவசாயப் பெருமைக்குப் பக்கத்தில் இதையும் வைச்சுப் பார்க்கவேணும்.

மருந்து என்னாச்சு? 1998 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஃபோக்மனின் எலிப் பரிசோதனைகள் வந்து, அந்த மருந்துக் கம்பனியின் பங்கு விலை ஒரே நாளில் எகிறியது. 2004இல் விஈஜிஎஃப்பை மறிக்கும் பெவசிசுமாப் பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தலை, கழுத்துப் புற்றுக்கும் 403 பேரில் பரிசோதித்தார்கள், முடிவு 2019இல் வெளியானது. கட்டி சுருங்கியவர்கள் கூட, ஆனால் உயிர்வாழும் காலம் நிச்சயமாக நீண்டது எண்டு சொல்லேலாத அளவு, குருதிக்கசிவும் அதிகம். ஒரு வழியை அடைச்சால் புற்று வேறு காரணியைப் பிடிச்சு வேறு பாதை போடும். ஃபோக்மன் அந்த முடிவைப் பார்க்கவில்லை, 2008 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

இதுக்கெல்லாம் முதல், இலங்கையில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாய் பார்க்கப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். சமன் வர்ணகுலசூரியவும் கூட்டாளிகளும் 1984இல் உலக சுகாதார நிறுவன ஏட்டில் எழுதிய அந்த வேலையில், ஏறத்தாழ 28,000 பேரின் வாய் பார்க்கப்பட்டது. புற்றாக மாறுறதுக்கு முந்தியே தழும்பைப் பிடிக்கலாம், பெரிய கருவி ஒண்டும் வேண்டாம். பணியாளர்கள் கண்டதும் பல் வைத்தியர்கள் பிறகு கண்டதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் வைத்தியரிடம் போங்கோ எண்டு அனுப்பினவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் போகவில்லை.