தபால்காரர் வேலை தனி

வெப் அப்ளிகேஷன்ல மெயில் அனுப்புற நிரலை எங்க வைக்கிறது? ஆர்டர் சேமிக்கிற ஃபங்ஷனுக்குள்ளேயே திணிச்சிடறவங்கதான் அதிகம். ஆனா இந்தப் பஞ்சாயத்து 1979லயே ஆரம்பிச்சதுங்க.

அப்போது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அர்ப்பாநெட், யூயூசிபி, பெர்க்நெட் என்று மூன்று வலையமைப்புகள். முகவரியில் ஒன்றுக்கு @, ஒன்றுக்கு ஆச்சரியக்குறி, ஒன்றுக்கு முக்காற்புள்ளி! கடிதம் எழுதுற நிரலுக்கு இந்தத் தலைவலி எதுக்கு? எரிக் ஆல்மன், வழி பார்த்து அனுப்புவதற்கென்றே டெலிவர்மெயில் எழுதினார். ஆனால் வழி விவரங்கள் அதற்குள்ளேயே கம்பைல் ஆகியிருந்தன. 1983இல் வந்த சென்ட்மெயில் அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றியது.

அதோட முடிஞ்சுதா? சென்ட்மெயிலே எல்லா வேலையையும் ரூட் அதிகாரத்தோட இழுத்துப் போட்டுக்கிச்சு. 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, அதில் திறந்துகிடந்த டீபக் வசதி. 1990களில் பெர்ன்ஸ்டைனின் கியூமெயில், வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்தது. பெரும்பாலானவற்றுக்கு ரூட் அதிகாரமே கிடையாது.

2005 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 1.0இன் ஆக்‌ஷன் மெயிலரும் இதே பாடம்தான். கடித வார்ப்புரு ஒரு இடம், அனுப்பும் வழி அமைப்புக் கோப்பில். டெஸ்ட் ஓட்டும்போது நிஜ வாடிக்கையாளருக்கு மெயில் பறக்காது.

அடுத்த தடவை கன்ட்ரோலருக்குள்ள மெயில் நிரல் எழுதக் கை போனா, ஆல்மனை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க :-)