எம்.ஐ.டி.யில் 3 நாள் கெடு முதல் 64 கிராம் கலாம்சாட் வரை



பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு விண்கலம் வடிவமைக்கும் செய்முறைப் பயிலரங்குகள் இப்போது நிறைய நடக்கின்றன. "கம்பெனியில ஆள் பத்தல, இவ சேட்டிலைட் செய்யப் போறேங்கறா சார், பணம் கட்டலாமா?" என்று பழைய மாணவர் ஒருவர் தன் மகளைப் பற்றிக் கேட்டார். பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். நான் வரலாறு நடத்தியவன். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரி தொடங்கியது 1949-இல். நிறுவியவர் சி. ராஜம். தன் சொந்த வீட்டை விற்ற பணத்தில் கல்லூரி கட்டியவர். 1950-களில் அங்கே விமானப் பொறியியல் படிக்கப் போனார் ராமேசுவரத்து அப்துல் கலாம். சேர்க்கைக்குச் சுமார் 1000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நகையை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த கதை நம் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அதன் கனம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிப்பின் முடிவில் கலாமுக்கும் சக மாணவர்கள் நால்வருக்கும் ஒரு வேலை தரப்பட்டது. தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். காற்றியக்க வடிவம் கலாம் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் மற்றவர்கள் பொறுப்பு. இயக்குநர் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் வந்து பார்த்தார். வேலை போகிற வேகம் அவருக்குத் திருப்தியில்லை. கலாம் ஒரு மாதம் கேட்டார். கிடைத்தது 3 நாள். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற எச்சரிக்கை வேறு. இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையே கதியென்று கிடந்து முடித்தார். பேராசிரியரே வந்து பார்த்துக் கட்டித் தழுவிக்கொண்டார்.

இன்றைய பயிலரங்குகளின் அச்சு இதுதான். ஒரு குழு, ஒரு கலம், ஆளுக்கொரு பகுதி, நெருக்கும் கெடு, கறாராகக் கேள்வி கேட்கும் பெரியவர் ஒருவர்.

அடுத்து பெங்களூருக்கு வருவோம். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, யு.ஆர். ராவ் தலைமையில் பீனியா தொழிற்பேட்டையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகளில் உருவானது. நம் அவிநாசி ரோட்டு ஷெட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், செயற்கைக்கோளை அதற்கு முன் செய்தறியாதவர்கள். 1975 ஏப்ரல் 19 அன்று அது சோவியத் ராக்கெட்டில் ஏறியது. நான்கைந்து நாளிலேயே மின்சாரக் கோளாறால் அதன் ஆய்வுக் கருவிகள் நின்றன. ஆனால் அங்கே கை பழகியவர்கள்தான் அடுத்தடுத்த செயற்கைக்கோள்களைச் செய்தார்கள்.

வெளிநாட்டில் இதைக் கல்லூரிப் பாடமாகவே ஆக்கினார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ், 1998-இல் குளிர்பான டப்பா அளவில் ஒரு செயற்கைக்கோள் மாதிரியை மாணவர் செய்யலாம் என்றார். அதுதான் கேன்சாட். மறு ஆண்டு, ஜோர்டி புய்க்-சுவாரி என்ற பேராசிரியரோடு சேர்ந்து 10 சென்டிமீட்டர் கனசதுரமான கியூப்சாட்டுக்கு அளவு வகுத்தார். பெட்டி சின்னதானால் செலவு குறையும், மாணவன் படித்து முடிப்பதற்குள் வேலையும் முடியும் என்பது கணக்கு. அதே 1998-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை நெதர்லாந்தில் ஒரு கூடம் அமைத்தது. மின்சாரம், வெப்பம், கட்டமைப்பு, சுற்றுப்பாதை, தகவல் தொடர்பு என்று எல்லாத் துறையினரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வடிவமைப்பார்கள். இப்போது அந்த முறையிலேயே பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

ஒரே அறையில் எதற்கு? இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம்.

பையர் ஒரு டீ-சர்ட் கேட்டால் ஜி.எஸ்.எம்., விலை, ஷிப்மெண்ட் தேதி மூன்றும் முதலிலேயே முடிவாகிவிடும். அப்புறம்தான் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங். டையிங்கில் ஒரு நாள் போனால் எல்லாருக்கும் ஒரு நாள் போகும். இத்தனை பேரையும் கட்டி மேய்ப்பவர் மெர்ச்சண்டைசர். விண்கலத்தில் அந்த வேலையைச் செய்பவருக்கு சிஸ்டம்ஸ் எஞ்சினியர் என்று பெயர்.

அவர் கையில் மூன்று கணக்குகள் இருக்கும். முதலாவது எடை. ராக்கெட் தரும் எடைக்கு மேல் ஒரு கிராம் கூடாது. இரண்டாவது மின்சாரம். தாழ்ந்த பாதையில் போகும் கலம் ஏறக்குறைய 95 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றும். அதில் 35 நிமிடம் வரை நிழலில் இருக்கலாம். வெயிலில் சேர்த்த சார்ஜில்தான் அந்த இருட்டைக் கடக்க வேண்டும். மூன்றாவது தகவல் தொடர்பு. ஒரு தரை நிலையத்தின் தலைக்கு மேல் கலம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்போலத்தான் இருக்கும். எடுத்த படத்தையெல்லாம் அதற்குள் இறக்கியாக வேண்டும். கேமராக்காரர் பெரிய கேமரா கேட்டால் எடை ஏறும், மின்சாரம் கூடும், அனுப்ப நேரம் போதாது. ஒருவர் ஆசைப்பட்டால் நான்கு பேர் விட்டுக்கொடுக்க வேண்டும். புத்தகத்தில் படித்தால் இது ஒரு பக்கம். ஐந்து பேர் உட்கார்ந்து வாதாடினால்தான் மண்டையில் ஏறும்.

இப்படிக் கற்றவர்கள் நம் மாநிலத்தில் என்ன செய்தார்கள்? அதே எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12-இல் பறந்தது. எடை சுமார் 40 கிலோ. இஸ்ரோ வழிகாட்டுதலில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான். ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்து, இன்னோரிடத்துக்கு மேலே வரும்போது இறக்கும் தபால்காரர் வேலை அதற்கு. மூன்று ஆண்டு உழைத்தது. 2011-இல் காட்டாங்குளத்தூரிலிருந்து 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட், 2016-இல் 1.5 கிலோ சத்யபாமாசாட், 2017-இல் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ நியூசாட் என்று வரிசை நீண்டது.

2017 ஜூன் 22 அன்று, நம் அண்டை மாவட்டமான கரூரின் பள்ளப்பட்டி மாணவர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் செய்த கலாம்சாட், நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் போய் வந்தது. எடை 64 கிராம். நீங்கள் போட்டிருக்கும் டீ-சர்ட் அதைவிடக் கனம்.

தோல்வியையும் சொல்ல வேண்டும். 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ஏறியது. ராக்கெட் சரியான பாதையில் விடாததால் கலம் வீணானது. அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு தவறும் இல்லை. நம் துணி நன்றாக இருந்தும் கப்பல் கவிழ்ந்த மாதிரி. மீண்டும் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 தன் பாதையை அடைந்தது.

இனி பதில். பயிலரங்கு என்ற பெயரில் இரண்டு நாள் படம் காட்டிச் சான்றிதழ் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது. அதனால் பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். குழுவாக ஒரு முழுக் கலத்தை வடிவமைப்பார்களா? எடை, மின்சாரம், தொடர்புக் கணக்கைப் பிள்ளைகளே போடுவார்களா? பொருளைக் கையால் தொட்டுச் செய்து சோதிப்பார்களா? தவறைச் சுட்டிக்காட்ட அனுபவமுள்ள பொறியாளர் இருப்பாரா? நான்குக்கும் ஆம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். உடனே வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அங்கே பழகும் கணக்கு எந்தத் தொழிலிலும் வீண்போகாது, பனியன் கம்பெனியிலும் சேர்த்துத்தான்.

நமக்கும் இது எட்டாத துறை இல்லை. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பிறந்தது பொள்ளாச்சி பக்கம் கோதவாடி, பொறியியல் படித்தது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் லேத் பட்டறை, சி.என்.சி. மெஷின், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வைத்திருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பட்டறையைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா? ஒரு கேன்சாட் செய்ய அது போதும். சம்மதிப்பவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்