கடுக்காயும் ஒரு பாதித் துணியும்

போன வருஷம் எனக்கு ஒரு கிறுக்கு பிடிச்சது. இரண்டு மீட்டர் காடாத் துணியில கலம்காரி வரையணும். நடுவுல பாலாறு, இரண்டு கரையிலும் ஆவாரஞ்செடி. ஆம்பூர்க்காரன் வேற எதை வரைவான்? பகல் முழுக்க பொட்டி தட்டுறவனுக்கு ராத்திரியில கையால செய்ய ஒரு வேலை வேணாமா மக்களே!

ஆனா அந்தத் துணி எட்டு மாசம் பீரோவுக்குள்ளதான் கிடந்தது. ஒரு நாள் அம்மா எடுத்துப் பார்த்துட்டு, "என்னடா இது, வாழைக்கறையா?"ன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை. பழுப்புத் துணி, அதுல நடுங்கி நடுங்கிப் போட்ட கறுப்புக் கோடு. அவ்வளவுதான் இருந்தது. ஆபீஸ்ல தப்பு பண்ணினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். துணியில அழிக்கவே முடியாது. நமக்கெல்லாம் இது தேவையான்னு மடிச்சு வெச்சுட்டேன்.

துணியை மோந்து பார்த்தது அப்பாதான். "இது எங்கப்பா சட்டையில வர்ற வாசனைடா" என்றார். தாத்தா டேனரியில வேலை பார்த்தவர். வாசனை கடுக்காயுடையது.

அப்பதான் எனக்கு உறைச்சது. கடுக்காயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, அதாவது டானின், தோலின் நாரோடு பிணைந்து அது அழுகாமல் காக்கிறது. குரோம் வருவதற்கு முன்னால் நம்ம பக்கத்தில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும்தான். அதே கடுக்காய் பருத்தித் துணிக்குப் போனால் வேற வேலை செய்கிறது. பருத்தியில் படிகாரம் லேசில் ஒட்டாது. துவர்ப்பு ஏறிய துணியில் ஒட்டும். கூடவே எருமைப்பால் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் கோடு பரவாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரால் கோடு போட்டால், கடுக்காய் பட்ட துணியில் அது கறுப்பாக மாறும். என் நடுங்கின கோடு அதுதான்.

இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் ஒரு பிரெஞ்சுக்காரர் மாட்டினார். பெயர் பொலியோ, கப்பல் அதிகாரி. சுமார் 1734-ல் புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்தில் இருந்து அவர்கள் வேலையைப் பார்த்தார். நம்ம சோழமண்டலத் துணி மேல ஐரோப்பாவுக்கு அவ்வளவு மோகம். பிரான்ஸ் தன் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686 முதல் 1759 வரை இந்த மாதிரித் துணிகளுக்குத் தடையே போட்டிருந்தது. தடை ஒரு பக்கம், ரகசியத்தைத் தெரிஞ்சுக்கிற ஆசை இன்னொரு பக்கம்! 1742-ல் கேர்து என்ற சேசு சபைப் பாதிரியாரும், தெரிந்த சாயக்காரர்களிடம் கேட்டு முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார்.

ஆனா என்னைப் பிடிச்சு உலுக்கினது பொலியோ செய்த ஒரு காரியம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். கடுக்காய் போட்டதும் ஒன்று, கறுப்புக் கோடு போட்டதும் ஒன்று, இப்படி. அந்தத் துண்டுகள் பாரீஸில் இன்னும் இருக்கின்றன. முடிந்த துணிகள் உலக அருங்காட்சியகங்களில் எத்தனையோ இருக்கு. அவை எப்படிப் பிறந்தன என்பதைச் சொல்வது இந்த அரைகுறைத் துண்டுகள்தான்.

இன்னொண்ணு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைத்தான் தீட்ட வேண்டும். அதுக்குச் சொந்த நிறமே கிடையாது. அப்புறம் சாயவேர்த் தண்ணீரில் துணியைக் கொதிக்க வைக்கும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றிக்கொள்ளும். அதுவரை ஒன்றும் தெரியாது. கைதேர்ந்த ஆளுக்கே இந்தக் கட்டத்தில் துணி பார்க்கச் சகிக்காமல்தான் இருந்திருக்கும். நான் அதைப் பார்த்துட்டு, எனக்குக் கை வரலைன்னு முடிவு கட்டியிருந்தேன்.

பீரோவைத் திறந்தேன். படிகாரம் தீட்டிக் காயவைத்தேன். அடுத்த வேலை, ஓடுற தண்ணீரில் அலசுவது. தேங்கின தண்ணீரில் அலசினால் மிச்சப் படிகாரம் மற்ற இடத்தில் படிந்து கறையாகும். ஸ்ரீகாளஹஸ்தியில் இதற்குச் சுவர்ணமுகி ஆறு. நமக்கு? பாலாறு பெரும்பாலும் மணல். டேனரிக் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதால்தான் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு, 1996 ஆகஸ்ட் 28-ல் அந்த வழக்கில்தான் வந்தது. எங்க வீட்டுச் சோறு வந்ததும் அதே டேனரியிலிருந்துதான். துணியில பாலாறை வரைஞ்சுட்டு, அதை அலச ஆறு இல்லாம நின்னப்போ இது ரெண்டும் சேர்ந்தே மனசுல வந்தது.

கடைசியில் பிளாஸ்டிக் டப்புல ஏழு தடவை தண்ணி மாத்தி அலசினேன். சாயவேர் கிடைக்கலை, நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டிதான். போன ஞாயிற்றுக்கிழமை மெதுவா சூடேத்தினேன். முதல்ல ஒண்ணுமே தெரியலை. அரை மணி நேரம் கழிச்சுக் குச்சியால தூக்கிப் பார்த்தா, கரை மண் சிவந்திருந்தது! ரெண்டு இடத்துல திட்டு விழுந்திருக்கு. கோணல் கோடு அப்படியே இருக்கு. அம்மா வந்து பார்த்துட்டு, "ஓ, இது ஆறா?" என்றார்கள். போதும் எனக்கு :-)

ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்தது மெழுகு பூசி அவுரி நீலம். பாலாறு இன்னும் வெறும் துணியாத்தான் இருக்கு.