உரிமைக்கு ஓட்டெடுப்பா? ஆஸ்திரேலியா 2015–2017

"மக்களிடமே கேட்டுவிடலாமே!" ஒடுக்கப்பட்டவர் எந்த உரிமையைக் கேட்டாலும் எங்கிருந்தாவது இப்படி ஒரு குரல் வரும். கேட்பதற்கு ஜனநாயகத்தின் குரல் போலவே இருக்கும். ஆஸ்திரேலியா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரு வாசகத்தை வைத்துத்தான் சண்டையிட்டது. தன்பாலின இணையர் திருமணம் செய்துகொள்ளலாமா என்பதை நாடாளுமன்றம் தீர்மானிப்பதா, நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்துவதா? இந்த வரலாற்றை இளம் தோழர்கள் படிக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். ஒரு சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் ஓட்டுக்கு விடுவது நம் வரலாற்றிலும் நடந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் திருமணம் என்றால் என்ன என்ற வரையறையே இருக்கவில்லை. 2004இல் ஜான் ஹோவர்ட் அரசுதான், திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று அதில் எழுதிச் சேர்த்தது. எதிர்க்கட்சியான லேபர் கட்சியும் ஆதரித்தது. அதற்காக யாரும் மக்களிடம் போகவில்லை, எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. உரிமையைப் பறிப்பதற்கு நாடாளுமன்றம் போதுமானதாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மக்கள் தீர்ப்பு தேவைப்பட்டுவிட்டது!

2015 மே மாதம் அயர்லாந்தில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 62 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். உலகமே கொண்டாடியது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அயர்லாந்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம், வேறு வழி கிடையாது. ஆஸ்திரேலியாவின் நிலை அதுவல்ல. தலைநகர்ப் பிரதேசம் தனியாக இயற்றிய தன்பாலினத் திருமணச் சட்டத்தை 2013 டிசம்பரில் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே, இத்தகைய திருமணத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றும் சொல்லிவிட்டது. ஒரு சாதாரணச் சட்டத் திருத்தம் போதும் என்பது அன்றே தெரிந்துபோனது.

பிறகு வாக்கெடுப்பு எங்கிருந்து வந்தது? 2015 ஆகஸ்டில் பிரதமர் டோனி அபட்டின் கூட்டணி உறுப்பினர்கள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் கூடிப் பேசினார்கள். உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்க அனுமதிப்பதில்லை என்று முடிவானது. எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த ஆட்சிக் காலத்தில் மக்களிடமே கேட்கலாம் என்றார் அபட். அடுத்த மாதமே அவர் பதவி பறிபோனது. பின்னால் வந்த மால்கம் டர்ன்புல் தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பவர். ஆனாலும் கட்சிக்குள் இருந்த எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க அதே திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டார். கட்சிக்குள் ஒரு முடிவெடுக்க முடியாதவர்கள் அந்தச் சுமையைத் தூக்கி மக்கள் தலையில் வைத்தார்கள். இதற்கு ஜனநாயகம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஏற்கவில்லை.

வாக்கெடுப்பை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் திருமண உரிமை கேட்டுப் போராடியவர்களே. பலருக்கு இது வியப்பாக இருந்தது. கருத்துக் கணிப்புகளெல்லாம் உங்களுக்குச் சாதகமாகத்தானே இருக்கின்றன, பயம் எதற்கு என்று கேட்டார்கள். தோல்விப் பயம் அல்ல அது. என் வாழ்க்கை சரியா தவறா என்று பக்கத்து வீட்டுக்காரர் 'டிக்' போடுவதே அவமானம் என்றார்கள். அந்தப் பிரச்சாரத்தின் அடி முழுவதும் பதின்பருவத்துப் பிள்ளைகள்மீது விழும் என்றும் எச்சரித்தார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் கிர்பியும் வாக்கெடுப்பை எதிர்த்தார். 2016 நவம்பரில் செனட் 33க்கு 29 என்ற கணக்கில் வாக்கெடுப்பு மசோதாவைத் தோற்கடித்தது.

அரசு விடவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டாம் முறையும் செனட் மறுத்தபோது, சட்டமே இல்லாமல் புள்ளியியல் துறையைக் கொண்டு அஞ்சல் வழிக் 'கணக்கெடுப்பு' நடத்துவதாக அறிவித்தது. ஒதுக்கிய தொகை 12 கோடியே 20 லட்சம் டாலர். தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில் இதில் மட்டும் கட்டாயம் இல்லை. முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. செப்டம்பர் 7 அன்று உயர் நீதிமன்றம் எதிர்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரமே வீடு வீடாகத் தபால் போய்ச் சேர்ந்தது.

எச்சரித்தபடியேதான் நடந்தது. 'இல்லை' தரப்பின் விளம்பரங்களில் திருமணம் பின்னுக்குப் போய், பள்ளியில் உங்கள் மகனுக்குப் பாவாடை கட்டிவிடுவார்கள் என்ற அச்சம் முன்னால் வந்தது. அவதூறையும் மிரட்டலையும் தடுக்க அவசர அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உதவி கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள் என்று மனநல ஆதரவு அமைப்புகள் சொல்லின.

நம் தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் நடந்தது. வாக்கெடுப்பே கூடாது என்று நீதிமன்றம் வரை போனவர்கள், அது தவிர்க்க முடியாததான மறுநாளே களத்தில் இறங்கினார்கள். புறக்கணிப்போம் என்ற குரல் எழுந்து அடங்கியது. 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள். கொள்கையளவில் ஒன்றை எதிர்ப்பதும், அது நம்மீது திணிக்கப்பட்டபின் வெல்லப் போராடுவதும் முரண் அல்ல என்றே நாம் கருதுகிறோம்.

நவம்பர் 15 அன்று முடிவு வந்தது. 79.5 விழுக்காட்டினர் பங்கேற்றிருந்தார்கள். 'ஆம்' 61.6 விழுக்காடு, 'இல்லை' 38.4 விழுக்காடு. 150 தொகுதிகளில் 17 மட்டுமே 'இல்லை' என்றன, அவற்றில் 12 சிட்னியைச் சேர்ந்தவை, பெரும்பாலானவை அதன் மேற்குப் பகுதியில் உள்ளவை. புலம்பெயர்ந்தோர் மிகுந்த பகுதி அது. உடனே அவர்களை நோக்கிக் கை நீண்டது. ஒரு சிறுபான்மையை இன்னொரு சிறுபான்மைக்கு எதிராக நிறுத்துவதும் இத்தகைய வாக்கெடுப்பின் விளைவுகளில் ஒன்று.

ஜெயித்தாயிற்றே, பிறகென்ன என்று கேட்பவர்கள் 2023 அக்டோபர் 14ஐப் பார்க்கட்டும். பூர்வகுடி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தருவதற்கு அதே ஆஸ்திரேலியாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் அதற்கு வாக்கெடுப்பு கட்டாயம்தான். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் 'இல்லை' என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. பூர்வகுடியினர் பெருவாரியாக வாழும் தொலைதூரச் சாவடிகள் பலவற்றில் 'ஆம்' வாக்குகளே குவிந்திருந்தன, ஆனால் அவை மொத்தக் கணக்கில் கரைந்துபோயின.

இந்தக் கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் 1933இலேயே பதில் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு குருவாயூர்க் கோயிலைத் தீண்டப்படாதோருக்குத் திறக்கலாமா என்று பொன்னானி தாலுகாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் கோயிலுக்குள் போகும் உரிமை ஏற்கெனவே உள்ள சாதி இந்துக்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் 'திறக்கலாம்' என்றே சொன்னார்கள், ஆனாலும் கோயில் 1947இல்தான் திறந்தது. அடுத்து ரங்கா அய்யர் மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கோயிலைச் சுற்றியுள்ள வாக்காளர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் திறக்கலாம் என்பது அதன் சாரம். காந்தி ஆதரவு கேட்டார், அண்ணல் மறுத்துவிட்டார். தீண்டாமை பாவம் என்றால் அதை ஒழிக்க வேண்டியதுதான், பெரும்பான்மையினர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்காகப் பாவம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிவிடாது என்பது அவர் வாதம்.

சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையரோடு காவல் நிலையத்தில் நிற்கும்போது, "ஊர் கூடிப் பேசட்டும்" என்ற வாசகத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சிறப்புத் திருமணச் சட்டம்கூட 30 நாள் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிறது. அதே சட்டத்தின்கீழ் தங்களுக்கும் இடம் கேட்ட தன்பாலின இணையரை, 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம் இது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அந்த வேலையை முடிக்க வாக்கெடுப்புக்குப் பின் மூன்று வாரங்களே ஆயின. 2017 டிசம்பர் 7 அன்று கீழவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் நான்கே பேர். சட்டத்தின் வரையறையில் 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும்' என்று இருந்த இடத்தில் 'இரண்டு நபர்கள்' என்று மாற்றி எழுதினார்கள். இந்தத் திருத்தத்தை 2013லேயே செய்திருக்கலாம்.