நெய்தவர் கையும் நூலின் விகாரமும்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் சாசனங்களையும் ஏடுகளையுமே நாம் முதலிற் கருதுகின்றோம். துணியும் ஒரு சான்றே. ஆயின், அது தன் பாரத்தாலேயே நாளும் நலிவுறும் சான்றாகும்.

இங்கிலாந்தின் ஹாட்விக் மாளிகையிலுள்ள கிதியோன் சித்திரத் திரைச்சீலைகளை நோக்குவோம். 1578இல் பிளாண்டர்ஸ் பகுதியில் நெய்யப்பட்ட இந்த 13 சீலைகளும் ஏறத்தாழ 6 மீற்றர் உயரமுடையவை. சேர் கிறிஸ்தோபர் ஹற்றன் மறைந்தபின், 1592இல் ஹாட்விக் சீமாட்டி பெஸ் அவற்றை வாங்கினார். ஹற்றனின் குலச்சின்னங்களைத் தம் சின்னங்களால் மறைப்பித்தார். உடைமையாளர் இருவரின் அடையாளமும் இவ்வாறு சீலையிற் பதிந்துள்ளது. நெய்தவரின் அடையாளத்தை எங்கே தேடுவது?

இத்தகைய சீலைகள் தறியில் ஓவியத்தைப் பக்கவாட்டில் வைத்து நெய்யப்பட்டன. எனவே தொங்கவிடும்போது பாவு கிடையாகவும் ஊடை நிலைக்குத்தாகவும் அமைகின்றன. பாரத்தை மெல்லிய ஊடை நூல்களே தாங்குகின்றன. நிறம் மாறுமிடங்களில் ஊடை திரும்புவதால் உண்டாகும் பிளவுகள் தைத்து மூடப்பட்டன. தையல் நலிந்ததும் பாரம் அவற்றைத் திறக்கிறது. பட்டிழையோ ஒளிபட்டுக் கம்பளியினும் விரைவில் இற்றுப்போகிறது.

இவ்விழுவிசையின் விளைவைச் சீலையைத் தொடாமலே அளக்க இலக்கமுறைப் படிம ஒப்பீடு உதவுகிறது. 1980களிற் பொறியியலாளர் உருவாக்கிய முறை இது. கமராக்கள் சீலையின் பரப்பைக் காலந்தோறும் படம்பிடிக்கின்றன. கணினி படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்துள்ளதெனக் கணிக்கிறது. அதிலிருந்து விகாரம், அதாவது மூலநீளத்தோடு ஒப்பிட்ட நீள மாற்றம், பெறப்படுகிறது. சீலையின் சித்திர வேலைப்பாடே அடையாளமாக உதவுவதால், அதன்மீது எதனையும் பூசவேண்டியதில்லை. சவுதாம்டன், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களிற் பொறியியலாளரும் துணிப் பேணுநரும் இணைந்து இம்முறையைச் சித்திரச் சீலைகளிற் பயன்படுத்தினர். காற்றின் ஈரப்பதன் ஏறியிறங்க விகாரமும் மாறுவது அவ்வாய்வுகளிற் புலனாயிற்று.

இதன் பயன் சிறிதன்று. ஹாட்விக் சீலைகளைப் பேணும் பணி 24 ஆண்டுகள் நீடித்து 2023இலேயே நிறைவுற்றது. இத்துணை உழைப்பை வேண்டும் பொருளில், எதனைத் தொங்கவிடலாம், எதனை இறக்கிவைக்க வேண்டும் என்பதைக் கண்மதிப்பினால் மட்டும் தீர்மானித்தல் போதாது. அளவீடும் தனித்துத் தீர்மானமாகாது. பேணுநரின் கைத்தேர்ச்சியே அதற்குப் பொருள் கூறவேண்டும்.

இன்னுமொன்றையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். ஊடையை எங்கே திருப்புவது, பட்டை எங்கே இடுவது என அன்று தறியிலிருந்தோர் எடுத்த முடிவுகள், நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் இழுவிசையின் போக்கிற் செயற்படுகின்றன. ஆதலின் பேணுநருக்கு எச்சரிக்கையாகும் விகார வரைபடம், வரலாற்று மாணவருக்கு உழைப்பின் ஆவணமுமாகும். உடைமையின் வரலாற்றோடு உற்பத்தியின் வரலாற்றையும் எழுத முனைவோர் அதனைப் படிக்கக் கற்றல் வேண்டும்.